பெயர்ப்பலகையிலிருந்து பேரேட்டிற்கு

(திருமயிலையில் தமிழன்பர்கள் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உள்ளாட்சியும் தமிழும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியனுக்கு வரியோடும் வடிகாலோடும் என்ன தொடர்பு என்று இங்குச் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. ஒரு மொழி பாட்டில் வாழ்வது அழகு; மேடையில் வாழ்வது பெருமை; வரிச்சீட்டிலும் நிலப்படத்திலும் ஒப்பந்தத்திலும் கணக்குப் பேரேட்டிலும் வாழ்வதே ஆட்சி. அழகும் பெருமையும் நமக்குக் குறைவின்றிக் கிடைத்திருக்கின்றன. ஆட்சிதான் இன்னும் கைக்கு வரவில்லை. அதைக் கைக்கொள்ளும் வழி கோட்டையிலும் இல்லை, தில்லியிலும் இல்லை. நம் தெருமுனையில் கிடக்கிறது என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

நம் இயக்கத்தார் தியாகராய நகர்க் கடைத்தெருவில் ஆண்டுக்கணக்கில் ஒரு பணியைச் செய்து வருகின்றனர். கடைகளின் பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும் என்பதே அப்பணி. அதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகள், பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும் என்றும், பிறமொழி சேர்த்து எழுதினால் தமிழே முதலிடத்திலும் பேரளவிலும் விளங்க வேண்டும் என்றும் கூறுகின்றன. விதி இருந்தும் இரங்கநாதன் தெருவில் நின்று தலையை நிமிர்த்திப் பார்ப்பவர்க்கு, 'டெக்சுடைல்சு', 'சூவல்லரி' என ஆங்கிலத்துக்குத் தமிழெழுத்தை உடுத்திவிட்ட பலகைகளே மிகுதியாகத் தெரிகின்றன. இதற்காகப் போராடுவது நற்பணியே. அதை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் ஒன்றைக் கேட்கிறேன். நாளைக் காலையில் அத்தெருவின் பலகைகள் அனைத்தும் தூய தமிழுக்கு மாறிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அத்தெருவின் நிலத்தை என்ன பயனுக்கு ஒதுக்குவது, நடைபாதையில் யார் கடை விரிப்பது, வடிகாலுக்கு எவ்வளவு பணம், அப்பணம் யார் கைக்குப் போயிற்று என்னும் செய்திகள் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கும்? பலகை தமிழாகவும் பேரேடு ஆங்கிலமாகவும் இருந்தால், வாயிற்படியில் தமிழன். உள்ளே முதலாளி வேறொருவன்.

அந்தக் கடைத்தெருவின் பெயரையே பாருங்கள். நகருக்குப் பிட்டி தியாகராயர் பெயர். அங்காடிக்குப் பட்டிவீரன்பட்டிச் சவுந்தரபாண்டியனார் பெயர். சவுந்தரபாண்டியனார் அங்காடி என்பதே மக்கள் வாயில் 'பாண்டி பசார்' எனத் தேய்ந்தது. இவ்விருவர்க்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவரும் உள்ளாட்சி மன்றத்தில் அமர்ந்து, அச்சிறிய அதிகாரத்தைக்கொண்டு பெரிய செயல் செய்தவர்கள்.

தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்கிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகட்கு நண்பகல் உணவு வழங்க மாமன்றம் இசைந்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. பின்னர் மேலும் நான்கு பள்ளிகட்கு அது பரவியது. தொடக்கக் கல்விப் பணத்திலிருந்து அச்செலவைச் செய்ய அன்றைய அரசு இசையாமையால் 1925-இல் நின்றது. 1956-இல் காமராசர் நாடெங்கும் விரித்த திட்டத்தின் விதை ஒரு மாநகராட்சித் தீர்மானத்தில் கிடந்தது. சவுந்தரபாண்டியனாரோ இராமநாதபுர மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணை பிறப்பித்தார். பேருந்துக்கு உரிமம் தருவது மாவட்டக் கழகத்தின் எளிய அலுவல்களில் ஒன்று. அந்த எளிய அலுவலைக்கொண்டே அவர் தீண்டாமையின் கழுத்தைப் பிடித்தார். உள்ளாட்சிச் சட்டம் என்பது சாக்கடைக்கும் தெருவிளக்கிற்கும் உரிய சிறுசட்டம் என்று எண்ணுவோர் இவ்விரு செயல்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். குமுகாய மேம்பாடும் பொருளியல் மேம்பாடும் அங்கேதான் தொடங்குகின்றன.

உள்ளாட்சி என்றவுடன் நம்மவர் உத்தரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லி மார்தட்டுவது வழக்கம். முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைப்பது உண்மை. முப்பது குடும்புகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம், 360 நாள் பொறுப்பு, கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினனும் மீண்டும் வர இயலாத தடை. இவையனைத்தும் வியக்கத்தக்கவை. ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். அது சதுர்வேதிமங்கலம், பார்ப்பனர்க்குக் கொடையளிக்கப்பட்ட ஊர். குடவோலையில் பெயர் எழுதப்பெற இறை கட்டும் கால்வேலி நிலம் வேண்டும், தன்மனை வேண்டும், மறைநூற் பயிற்சி வேண்டும், அகவை முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். உழுதவனுக்கு அதில் ஓலை இல்லை. பெண்ணுக்கு ஓலை இல்லை. ஆகவே அதை அப்படியே மீட்கவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. ஊர் நடப்பைப் பற்றிய முடிவு, ஊர்ப் பொதுவிடத்தில், ஊர்மொழியில், அழியாதபடி கல்லில் வெட்டி வைக்கப்பட்டது. வடசொற்கள் இடையிடையே புகுந்திருப்பினும் அதன் நடை தமிழ் நடையே. கணக்கைச் சுவரில் எழுதிவைத்தவர் நம் முன்னோர்.

பார்ப்பனர் ஊரின் 'சபை'யோடு, வேளாண் ஊர்களில் 'ஊர்' என்னும் அவையும், வணிகப் பேரூர்களில் 'நகரம்' என்னும் அவையும் இருந்தன. நகரம் என்பது கட்டடக் கூட்டத்தின் பெயராக மட்டுமன்றி, கூடி முடிவெடுக்கும் வணிகர் அவையின் பெயராகவும் இருந்தது! இந்தத் திருமயிலையிலேயே வணிகப் பெருங்குழுவினர் கூடி, காட்டூர் என்னும் ஊரை வீரபட்டினமாக ஆக்க முடிவெடுத்த செய்தியைச் சோழர்காலக் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. வணிகர் கூடித் தம் தொழிலுக்குத் தாமே நெறி வகுத்த மண்ணில், இன்று மாட வீதியில் கீரை விற்கும் பெண்ணைப்பற்றி அவளுக்குத் தெரியாத இடத்தில், அவளுக்குத் தெரியாத மொழியில் முடிவெடுக்கப்படுகிறது.

சென்னை உள்ளாட்சியின் வரலாற்றைச் சுருங்கச் சொல்கிறேன். வணிகம் செய்ய வந்த வெள்ளையர் கும்பனி, இரண்டாம் சேம்சு மன்னனின் பட்டயத்தைக்கொண்டு 1688 செப்டம்பர் 29-இல் இம்மாநகராட்சியைத் தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி இதுவே. முந்நூறு ஆண்டுகளைக் கடந்த இவ்வமைப்பை 1919-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் நெடுங்காலம் ஆண்டது. 1998-இல் நகர்ப்புற உள்ளாட்சிகட்கு ஒரு பொதுச் சட்டம் இயற்றப்பட்டும், அது நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்பிரலில்தான். வெள்ளையன் போய் எழுபத்தைந்து ஆண்டுகட்குப் பின்னரே அவன் காலத்துச் சட்டமும் போயிற்று.

அச்சட்டத்தின்கீழ் மன்றமாவது முறையாக நடந்ததா? 1973-ஆம் ஆண்டின் இறுதியில் மாமன்றம் கலைக்கப்பட்டது. கூலியாள் வருகைப் பதிவேட்டில் இல்லாத பெயர்களை எழுதிப் பணம் எடுத்த ஊழல் வெளிப்பட்டதே அதற்குக் கரணியம். ஊழல் செய்தவரை ஒறுப்பது முறை. ஆனால் 1996 வரை, இருபத்திரண்டு ஆண்டுகட்கு மேலாக, சென்னை மக்களுக்குத் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமற் செய்தது எந்த முறை? திருடியவன் ஒருவன், உரிமை இழந்தவர் ஊரார் அனைவரும். அப்பதிவேட்டை அத்தெருவின் மக்கள் படித்துப் பார்க்கும் வழி இருந்திருந்தால், அங்கே எழுதப்பட்ட பெயர்க்குரிய ஆள் இல்லை என்பதை முதல் நாளிலேயே சொல்லியிருப்பார்கள்.

மன்றம் இல்லாத அந்தப் பத்தாண்டை ஒட்டி நடந்ததையும் கவனியுங்கள். குடிசை மாற்று வாரியம் 1970-இல் தோன்றியது. நகர் வளர்ச்சியைத் திட்டமிடும் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1972-இல் தோன்றி 1974-இல் சட்ட அமைப்பாயிற்று. குடிநீரும் கழிவுநீரும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனி வாரியத்திற்குச் சென்றன. வீடு ஓரிடம், நிலம் ஓரிடம், நீர் ஓரிடம் எனப் பிரிந்து போனபின், மாமன்றம் மீண்டு வந்தபோது அதன் கையில் எஞ்சியவை குப்பையும் விளக்கும் உட்தெருச் சாலையும் போன்றவையே.

1992-இல் இயற்றப்பட்டு 1993 சூன் முதல் நடைமுறைக்கு வந்த எழுபத்துநான்காம் அரசியல் சட்டத் திருத்தம் இந்நிலையை மாற்றுவதற்கே வந்தது. அதனோடு சேர்ந்த பன்னிரண்டாம் அட்டவணை, நகர உள்ளாட்சிக்கு உரிய பதினெட்டுப் பணிகளை வரிசைப்படுத்துகிறது. முதற்பணி நகரமைப்புத் திட்டமிடல். இரண்டாம் பணி நிலப்பயன்பாட்டை ஒழுங்குறுத்தல். மூன்றாம் பணி பொருளியல், குமுகாய மேம்பாட்டுக்குத் திட்டமிடல். ஆனால் 'மாநிலச் சட்டமன்றம் தரலாம்' என்று அத்திருத்தம் சொல்கிறதே ஒழியத் 'தரவேண்டும்' என்று சொல்லவில்லை. தில்லி தன் அதிகாரத்தை மாநிலத்திற்குத் தர மறுக்கிறது என்று நாம் முழங்குகிறோம், முழங்க வேண்டியதே. அதே மறுப்பை மாநிலம் தன் ஊர்களுக்குச் செய்யும்போது நாம் வாய்மூடி இருப்பது அறமன்று. தன்னாட்சி என்பது மேலே கேட்டுக் கீழே மறுக்கும் பொருளன்று.

கலைத்த ஆறு திங்களுக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்றும், ஐந்தாண்டு முடிவதற்குள் புதிய மன்றம் வரவேண்டும் என்றும் அத்திருத்தம் கட்டளையிட்டது. இருந்தும், 2016 அக்தோபரில் முடிவுற்ற மாமன்றத்திற்குப் பின் அடுத்த தேர்தல் 2022 பிப்பிரவரியில்தான் நடந்தது. இடையே ஐந்தாண்டுகட்கு மேலாகத் தனி அலுவலர் ஆட்சி. அந்த ஐந்தாண்டுகளில் தியாகராய நகரில் என்ன நடந்தது? 2015-இல் நடுவணரசு தொடங்கிய 'சீர்மிகு நகரம்' என்னும் திட்டத்திற்குச் சென்னை 2016 சனவரியில் தேர்வாயிற்று. மேம்படுத்தப்படும் பகுதியாகத் தியாகராய நகர் குறிக்கப்பட்டது. வேலை செய்தது மாநகராட்சி மன்றமன்று. நிறுமச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்ட ஒரு நிறுமம். மாநில அரசும் மாநகராட்சியும் அதன் பங்காளிகள். பாண்டி பசாரின் நடையர் வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. நடைபாதை அகன்றது, நடப்போர் மகிழ்ந்தனர், அந்நன்மையை மறுப்பது முறையாகாது. ஆனால் நகரின் நெஞ்சுக்குழியான ஓர் அங்காடியை மாற்றியமைத்தபோது, அதைப்பற்றிக் கேள்வி கேட்க மக்கள் தேர்ந்தெடுத்த ஒரே ஓர் உறுப்பினர்கூட மாநகராட்சியில் இல்லை. தியாகராயர் பெயரால் அமைந்த நகரிலேயே தியாகராயர் அமர்ந்த மன்றம் வெற்றிடமாகக் கிடந்தது!

இனி மொழிக்கு வருகிறேன். நம் மாமன்றத்தில் உறுப்பினர் பேசுவது தமிழில்தான். வரவு-செலவுத் திட்ட உரையும் தமிழில்தான். 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழை இந்நாட்டின் ஆட்சிமொழி என அறிவித்துள்ளது. ஆனால் பேச்சுக்குப் பின்னே நிற்கும் தாள்களைப் பாருங்கள். ஒப்பந்தப்புள்ளி ஆங்கிலம், பொறியாளர் மதிப்பீடு ஆங்கிலம், திட்ட அறிக்கை ஆங்கிலம். சட்டத்தின் பனுவலோ, தமிழில் இயற்றினாலும் ஆங்கில மொழிபெயர்ப்பே செல்லத்தக்கது என்று அரசியல் சட்டத்தின் 348-ஆம் பிரிவு கூறுகிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தமிழில் இயற்றும் சட்டத்திற்கும் உயிர் ஆங்கில உடலில்தான் இருக்கிறது.

இதன் விளைவு என்ன? ஓர் எடுத்துக்காட்டு. 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள், உயரமல்லாத கட்டடங்களுக்குரிய தளப்பரப்புக் குறியீட்டை ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தின. அதாவது ஒரு மனையின் பரப்பைப்போல் ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்தது, இரு மடங்கு கட்டலாம் என்றாயிற்று. மயிலையிலும் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் பழைய வீடுகள் இடிந்து அடுக்ககங்களாவதற்கும், நிலவிலை ஏறுவதற்கும், வாடகைக் குடிகள் வெளியேறுவதற்கும், பழைய குழாயில் புதிய கூட்டத்துக்கு நீர் போதாமைக்கும் இந்தச் சிறு எண்ணோடு தொடர்பு உண்டு. கட்டுமான முதலாளிக்கு அவ்வெண் விரல்நுனியில் இருக்கிறது. அதே தெருவில் குடியிருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அப்படி ஓர் எண் இருப்பதே அவருக்குத் தெரியாது. அறியாமை அவர் குற்றமன்று. அவர் அறியும் மொழியில் அவரிடம் எவரும் சொல்லவில்லை.

என் மாணவன் ஒருவனின் தாய் தெருவோரத்தில் கீரை விற்பவர். ஒருநாள் கையில் ஒரு தாளோடு பள்ளி வாயிலில் நின்றார். "ஐயா, இதுல இன்னா எழுதிக்குது?" என்று கேட்டார். ஓர் அலுவலகம் தந்த அறிவிக்கை அது, முழுவதும் ஆங்கிலம். கடையை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர் கையெழுத்தோ தமிழில் அதன் அடியில் இருந்தது. தாம் படிக்க இயலாத ஒன்றைப் பெற்றுக்கொண்டதாகத் தமிழில் ஒப்பமிட்டிருந்தார்! முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் எனக்கு அத்தாளைப்போல் பாடம் புகட்டிய நூல் பிறிதில்லை.

அப்பெண்மணிக்குத் தெரியாத மற்றொன்றும் உண்டு. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம் அவர் பக்கம் நிற்கிறது. வணிகர் அனைவரையும் கணக்கெடுத்து விற்பனைச் சான்று தரும் வரையில் எவரையும் அகற்றலாகாது என்கிறது அச்சட்டம். இடம் மாற்றுவதாயின் முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடம், வணிகர் தமக்குள் தேர்ந்தெடுத்த வணிகர்க்கு உரியது. அதில் மூன்றிலொரு பங்கு பெண்களுக்கு. ஐம்பது ஆண்டுகட்கு மேலாக நடக்கும் இயற்கையான சந்தையை மரபுச் சந்தையென அறிவிக்க வேண்டும் என்றும், அங்குள்ள வணிகரை இடம்மாற்றலாகாது என்றும் அதன் அட்டவணை கூறுகிறது. மயிலை மாட வீதிகளில் காய்கறியும் பூவும் விற்போரும், கொலுக்காலத்தில் பொம்மை விற்போரும் எத்தனை தலைமுறையாக அமர்ந்திருக்கின்றனர் என்பதை இங்கிருக்கும் மூத்தவர்கள் சொல்வார்கள். சட்டத்தின் இந்த ஒரு வரி அவர்கள் கையில் தமிழில் இருந்திருப்பின், எத்தனை காலைப்பொழுதுகளில் அவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் இருந்திருப்பார்கள்! பிழைப்புரிமை என்பது வாழ்வுரிமையின் பகுதியே என்று பம்பாய் நடைபாதை வாழ்வோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-லேயே கூறிவிட்டது. தீர்ப்பு நூலகத்தில் இருக்கிறது; தீர்ப்புக்கு உரியவர் தெருவில் இருக்கிறார்.

வாழ்விடம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் நகருக்குள் வந்தாக வேண்டியவர்கள், நகரின் விளிம்புக்கு அப்பால் அடுக்கப்பட்டனர். 2022 மே திங்களில், இதோ இங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில், இராசா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற ஆணையின்பேரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து மாண்டார். அதன் பின்னரே மந்தைவெளி, மயிலைப் பகுதியிலேயே அவர்களுக்கு வீடு தரப்படும் என்றும், இனி மக்களோடு கலந்து பேசியே மறுகுடியமர்வு நடைபெறும் என்றும் அரசு சட்டமன்றத்தில் உறுதி கூறியது. ஓர் உயிர் எரிந்த பின்னர் வந்த அந்தக் கலந்துரையாடல், எரியும் முன்னர் வருவதற்கு ஓர் அவை வேண்டும். அந்த அவையைப் பற்றித்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

2022 சூன் திங்களில் தமிழ்நாட்டரசு வட்டக் குழுவுக்கும் பகுதி அவைக்கும் விதி வகுத்தது. அரசு அதனைப் 'பகுதி சபா' என்கிறது. அவை என்னும் அருந்தமிழ்ச்சொல் கையில் இருக்க, சபாவைத் தேடிச் செல்வானேன்? போகட்டும்; பெயரைத் திருத்துவோம், பொருளை விடாது பற்றுவோம். சென்னையின் இருநூறு வட்டங்களில் ஒவ்வொன்றும் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அப்பகுதியில் பெயர்ப்பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் அவ்வவையின் உறுப்பினர். முதல் கூட்டங்கள் 2022 நவம்பர் 1-இல், உள்ளாட்சி நாளில் கூடின. தெருவுக்கு என்ன வேண்டும், எது முதலில் வேண்டும் என்று சொல்லும் உரிமை அவ்வவைக்கு உண்டு. குறை உண்டு: பகுதியின் சார்பாளர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவரல்லர், அமர்த்தப்படுபவர்; அவை சொல்வது மன்றத்தைக் கட்டுப்படுத்துவதுமில்லை. எனினும் குடவோலையில் இடம்பெறாத உழவனும் பெண்ணும் சட்டப்படி வந்து அமரும் அவை இது. உத்தரமேரூரைப் புகழும் நம்மில் எத்தனைபேர் நம் பகுதியின் அவைக்குச் சென்றிருக்கிறோம்?

இரண்டு மறுப்புகள் எழும். தொழில்நுட்பச் செய்தியைத் தமிழில் சொல்ல இயலாது என்பது ஒன்று. ஒப்பந்தப்புள்ளி, மதிப்பீடு, நிலப்பயன்பாடு, முழுமைத் திட்டம், தளப்பரப்புக் குறியீடு ஆகிய சொற்களை இவ்வுரையில் நான் ஆண்டேன். உங்களில் எவரும் பொருள் விளங்காமல் முகஞ்சுளிக்கவில்லை. சொல் இருக்கிறது, வழங்குவார்தாம் இல்லை. சென்னை பன்மொழியினர் வாழும் ஊராயிற்றே என்பது மற்றொன்று. தெலுங்கரும் மலையாளியரும் மார்வாரியரும் இங்கு வாழ்கின்றனர், நன்கு வாழட்டும். அவர்கள் மொழியிலும் செய்தி தருவதை நாம் தடுக்கவில்லை. ஆனால் எவர் தாய்மொழியும் அல்லாத ஆங்கிலத்தில் மட்டும் தருவது எந்தப் பன்மைக்கு அழகு?

2020-இல் நடுவணரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வெளியிட்டது. அதனை எட்டாம் அட்டவணையின் இருபத்திரண்டு மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாண்டு சூன் 30-இல் ஆணையிட்டது. கருத்துக் கேட்பதாயின் கேட்கப்படுபவர் மொழியில் கேள் என்பதே அதன் உட்பொருள். தில்லிக்குப் பொருந்தும் அந்நெறி, இரிப்பன் மாளிகைக்கும் எழும்பூரில் உள்ள வளர்ச்சிக் குழுமத்திற்கும் பொருந்தாதா? நம் மொழியின் தங்கையான மலையாளம் வழங்கும் நாட்டில், 1996 ஆகத்து 17-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்டப் பணத்தில் நூற்றுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது வரை உள்ளாட்சிகட்கு ஒதுக்கினர். ஒவ்வோர் ஊரும் தன் நிலையைத் தன் மொழியில் எழுதித் திட்டம் தீட்டியது. தங்கையால் இயன்றது தமக்கையால் இயலாதா?

ஆகவே, அன்பர்களே, நம் இயக்கத்தார் முன் ஐந்து பணிகளை வைக்கிறேன்.

ஒன்று: உங்கள் பகுதி அவை கூடும் நாளையும் இடத்தையும் வட்ட உறுப்பினரிடம் கேட்டறிந்து, தெருவுக்கு ஐவராவது செல்லுங்கள். கூட்டமே கூடவில்லையெனில், ஏன் கூடவில்லை என்று எழுத்தில் கேளுங்கள்.

இரண்டு: தெருவில் நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும் அதன் நீளம், செலவு, ஒப்பந்தக்காரர், முடியும் நாள் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய பலகையை அவ்விடத்திலேயே நாட்ட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். அன்று கோயிற் சுவரில் வெட்டிய கணக்கை இன்று தெருமுனையில் எழுதட்டும்.

மூன்று: தெருவோர வணிகர்க்கும் குடியிருப்போர்க்கும் தரும் எந்த அறிவிக்கையும் தமிழில் இருந்தாலன்றிக் கையொப்பமிடாதீர்கள் என்று வீடுவீடாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வந்தால், தமிழில் தருமாறு அவ்வறிவிக்கையின் மேலேயே எழுதித் திருப்பியனுப்பச் செய்யுங்கள். விடைசொல்லும் கெடு ஏதேனும் இருப்பின் அது தவறிவிடாதபடி உடன் நில்லுங்கள்.

நான்கு: நம்மிடையே உள்ள தமிழாசிரியரும் பொறியாளரும் வழக்கறிஞரும் கூடி அமர்ந்து, தெருவோர வணிகர் சட்டத்தையும் பகுதி அவை விதிகளையும் பன்னிரண்டாம் அட்டவணையையும் எளிய தமிழில், எட்டுப் பக்கச் சிறுநூல்களாக எழுதுவோம். அதற்கு என் உழைப்பைத் தருகிறேன். ஞாயிறுதோறும் மாலையில் வரத் தடையில்லை.

ஐந்து: பெருநகரின் அடுத்த முழுமைத் திட்டத்தின் வரைபடமும் அறிக்கையும் தமிழிலேயே மக்கள்முன் வைக்கப்பட வேண்டும் என்றும், பகுதி அவைகளில் படித்துக் காட்டப்பட வேண்டும் என்றும் இப்பொழுதே குரல் எழுப்புவோம். திட்டம் முடிவான பின்னர் எழுப்பும் குரல் ஒப்பாரியாகவே முடியும்.

மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது, நம் பேச்சிலும் எழுத்திலும் புகுந்த அயற்சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கக் கற்பித்தார். அந்தப் பொறுமை நமக்கு வந்திருக்கிறது. அதே பொறுமையோடு, வரிக்கு வரி, கணக்கிற்குக் கணக்கு, நம் தெருவின் தாள்களையும் படிக்கத் தொடங்குவோம். கீரைக்கூடையோடு நிற்கும் தாய்க்கு அவர் உரிமையைப் படித்துக் காட்டாத தனித்தமிழ், தூய்மையாக இருந்து என்ன பயன்? அவர் கையில் சேரும் தாளில் தமிழ் ஏறும் நாளே தமிழ் அரியணை ஏறும் நாள்.

அடுத்த பகுதி அவையில் சந்திப்போம்.